லாவ் கார் லியூங் படங்களை எங்கிருந்து தொடங்குவது?

ஹாங்காங் சண்டைப் படங்கள் என்று பேச்செடுத்தால் நம் ஊரில் புரூஸ் லீயில் தொடங்கி ஜாக்கி சானில் முடித்துவிடுவார்கள். கூடுதல் ஆர்வமுள்ளவர்கள் ஜெட் லீ, டானி யென் என்று நீட்டுவார்கள். அந்த வரிசையில் லாவ் கார் லியூங்கின் பெயர் வருவது அபூர்வம். தகப்பனிடம் குங்ஃபூ கற்று, கூட்டத்தில் ஒருவராகத் திரைக்கு வந்து, சண்டைப் பயிற்சியாளராக உயர்ந்து, பிறகு இயக்குநராகவும் நாயகனாகவும் ஆனவர் அவர். ஜாக்கி சானின் மிகச் சிறந்த படங்களுள் ஒன்றை இயக்கியவரும் அவர்தான்.

அவருடைய படங்களைப் பார்க்க விரும்பி இணையத்தில் தேடினால் தலைசுற்றும். ஒரே படத்துக்கு மூன்று தலைப்புகள், ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்கள், மங்கிய பிரதிகள், கத்தரித்த சண்டைத் துணுக்குகள். எந்த வரிசையில், எந்தப் பிரதியில், எதைக் கவனித்துப் பார்க்கலாம் என்பதை இங்கே சொல்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: லாவ் கடைசிவரை ஆசானாகவே இருந்தார். கேமராவுக்கு முன்னால் நின்றபோதும் பின்னால் நின்றபோதும் பாடம்தான் நடத்திக்கொண்டிருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் படங்கள் எளிதில் பிடிபடும்.

முதல் படி: ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் வோங் ஃபே ஹுங் என்றொரு மருத்துவர் இருந்தார். காலம் 1847 முதல் 1925 வரை. எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவார். ஹுங் கார் என்ற குங்ஃபூ மரபின் ஆசானும் அவரே. அவருடைய சீடர் லாம் சாய் விங். லாம் சாய் விங்கின் சீடர் லாவ் சாம். லாவ் சாமின் மகன்தான் நம்முடைய லாவ் கார் லியூங். ஜெட் லீயும் ஜாக்கி சானும் திரையில் வோங் ஃபே ஹுங்காக நடித்தார்கள். லாவ் அந்தக் குரு பரம்பரையிலேயே வந்தவர்.

1949இல் குவான் டாக் ஹிங் என்ற நடிகரை வோங் ஃபே ஹுங்காக வைத்து ஹாங்காங்கில் கறுப்பு வெள்ளைப் பட வரிசை ஒன்று தொடங்கியது. அது எழுபதுக்கும் மேற்பட்ட படங்களாக வளர்ந்தது. அதுவரை மேடைக் கூத்தின் பாணியில் கைகால் வீசிக்கொண்டிருந்த திரைச் சண்டைக்குள் உண்மையான குங்ஃபூ அடவுகள் நுழைந்தது இந்த வரிசையில்தான். லாவ் சாமும் அதில் பங்கெடுத்தார். இளைஞரான லாவ் அடிவாங்கும் அடியாள், கூட்டத்தில் நிற்கும் சீடன் என்று சின்னச் சின்ன வேடங்களில் பல ஆண்டுகளை ஓட்டினார்.

அங்கே பழக்கமானவர் டாங் சியா. இருவரும் சேர்ந்து சண்டை அமைக்கத் தொடங்கினார்கள். 1966இல் வெளியான 'தி ஜேட் போ' என்ற படத்தில் அவர்கள் செய்த வேலை பலர் கண்ணிலும் பட்டது. ஹாங்காங்கின் பெரிய படத் தயாரிப்பு நிறுவனமான ஷா பிரதர்ஸ் அவர்களை அழைத்துக்கொண்டது. அடுத்த ஆண்டே சாங் சே இயக்கிய 'ஒன் ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்' வந்தது. வலது கையை இழந்தவன் இடது கையால் வாள் பழகும் கதை. ஹாங்காங்கில் பத்து லட்சம் டாலர் வசூலைத் தொட்ட படம் என்று இன்றும் பேசப்படுகிறது. அதிலிருந்து சுமார் பத்தாண்டுகள் சாங் சேயின் படங்களுக்கு அடவு வகுத்துக் கொடுத்தார் லாவ். பிறகு தைவானில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. லாவ் ஹாங்காங் திரும்பினார். 1975இல் 'தி ஸ்பிரிச்சுவல் பாக்ஸர்' படத்தின் மூலம் இயக்குநரானார்.

சண்டைப் பயிற்சியாளர் ஒருவர் இயக்குநர் நாற்காலியில் அமர்வது அன்றைக்குப் புதிது. இன்று ஸ்டண்ட் மாஸ்டர்கள் படம் இயக்குவதை எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. அந்தக் கதவைத் திறந்தவர்களில் லாவ் முக்கியமானவர்.

இரண்டாவது படி: பெயர்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

ஹாங்காங்கில் பேசப்படுவது கான்டனீஸ். ஷா பிரதர்ஸ் பெரும்பாலும் மாண்டரின் மொழியில் படம் எடுத்தது. ஆகவே பெயர்ப் பட்டியலில் லாவ் கார் லியூங்கை 'லியூ சியா லியாங்' என்று போட்டிருப்பார்கள். ஆள் ஒருவரே. அவருடைய தம்பி லாவ் கார் விங், அங்கே 'லியூ சியா யுங்' ஆகிவிடுவார். அவருடைய படங்களின் நிரந்தர நாயகன் கோர்டன் லியூவை 'லியூ சியா ஹுய்' என்று காட்டுவார்கள். கோர்டன் இரத்த உறவல்ல; லாவ் சாமிடம் கற்றுக்கொண்டு அந்தக் குடும்பத்தின் வளர்ப்புப் பிள்ளையாகி, அவர்கள் பெயரையே சூடிக்கொண்டவர்.

வோங் யூ என்ற நடிகர் லாவின் படங்களில் அடிக்கடி வருவார். ஒற்றைக் கை வாள்வீரனாக நடித்த ஜிம்மி வாங் யூ வேறொருவர். தேடும்போது இந்த இருவரையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் மிகக் குறைவு.

மூன்றாவது படி: நல்ல பிரதி தேடுங்கள்

இதை அலட்சியம் செய்ய வேண்டாம். ஷா பிரதர்ஸ் படங்கள் அகலத்திரையில் எடுக்கப்பட்டவை. பழைய வீடியோ கேசட்டிலும் தொலைக்காட்சியிலும் இரு ஓரங்களையும் வெட்டிச் சதுரமாக்கி ஓட்டினார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவற்றில் பாதி இந்த வகைதான். லாவ் திரையின் முழு அகலத்தையும் கணக்கில் கொண்டு ஆட்களை நிறுத்துபவர். ஓரங்களை வெட்டினால் கம்புச் சண்டையில் கம்பின் நுனி காணாமல் போகும். அடித்தவன் தெரிவான், அடி வாங்கியவன் திரைக்கு வெளியே விழுவான்.

2000ஆம் ஆண்டில் செலஸ்டியல் பிக்சர்ஸ் என்ற நிறுவனம் ஷா பிரதர்ஸின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட படங்களை வாங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சீரமைத்து வெளியிட்டது. அந்தச் சீரமைப்பிலிருந்து வந்த பிரதி என்றால் நம்பிப் பார்க்கலாம். 2021 முதல் ஆரோ நிறுவனம் வெளியிட்டுவரும் 'ஷாஸ்கோப்' புளூரே தொகுப்புகள் இன்னும் நேர்த்தியானவை. விலைதான் கண்ணைக் கட்டும்.

அடுத்த கேள்வி மொழி. அன்றைய ஹாங்காங் படங்களில் படப்பிடிப்பில் ஒலி பதிவு செய்வதில்லை. எல்லாக் குரலும் பின்னால் சேர்த்ததே. அதனால் மாண்டரின் ஒலித்தடத்திலும் உதடும் சொல்லும் சில இடங்களில் பொருந்தாது. அது பிரதியின் கோளாறு என்று நினைத்து மாற்றிவிட வேண்டாம். மாண்டரின் ஒலி, ஆங்கில வசன வரி என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஆங்கில டப்பிங்கில் வேடிக்கை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குருவும் சீடனும் பேசுவது கூடத் தெருச் சண்டை போலத்தான் காதில் விழும்.

இன்னொரு சின்னத் தகவல். திரையில் தலையின் முன்பாதி மழிக்கப்பட்டு, பின்னால் நீண்ட சடை தொங்கினால் கதை சிங் வம்சக் காலத்தில் நடக்கிறது. ஆள்பவர்கள் மஞ்சூக்கள். அவர்களுடைய அதிகாரிகளே பெரும்பாலும் வில்லன்கள். மஞ்சூப் படை தெற்கு ஷாவோலின் மடத்தை எரித்தது, தப்பிய சீடர்கள் ஊர் ஊராகப் போய் மக்களுக்குக் கலையைப் பரப்பினார்கள் என்ற ஐதீகம்தான் பல கதைகளுக்கு அடித்தளம். ஷாவோலின் என்றதும் நமக்குப் போதிதர்மர் நினைவுக்கு வருவார். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு இன்னும் அதிகம். அவரைத் தேடிக்கொண்டு லாவின் படங்களுக்குள் போனால் ஏமாற்றம்தான். இவருக்கு வேண்டியது எரிந்த மடமும் ஓடித் தப்பிய சீடர்களுமே.

நான்காவது படி: முதல் படம்

எல்லோரும் சொல்வதையே நானும் சொல்கிறேன்: 'தி 36த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்', 1978. பலரும் சொல்வதால் ஒன்று தவறாகிவிடாது.

மஞ்சூ அதிகாரிகளின் கொடுமையில் குடும்பத்தை இழந்த ஓர் இளைஞன் ஷாவோலின் மடத்துக்கு ஓடுகிறான். சான் தே என்ற பெயரோடு துறவியாகிறான். பழிவாங்கும் கதைதான். ஆனால் இடைவேளைக்குப் பிறகு கொஞ்ச நேரம் காட்டி முடிக்க வேண்டிய பயிற்சியை, படத்தின் நடுப்பகுதி முழுக்கப் பரப்பி வைத்தார் லாவ். மடத்தில் 35 அறைகள். ஒவ்வொன்றிலும் உடம்பின் ஒரு பகுதிக்கு, ஒரு திறமைக்குப் பயிற்சி.

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகிற வழியில் நீர்த்தொட்டி. நடுவில் மிதக்கும் மரக்கட்டைகள். அவற்றின் மேல் கால் வைத்துத் தாண்டினால்தான் சோறு. சான் தே தொப்பென்று விழுகிறான், மீண்டும் விழுகிறான். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்க இவன் நனைந்து நிற்கிறான். அடுத்த இடத்தில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டித் தண்ணீர் வாளிகளைத் தூக்கிச் செல்ல வேண்டும். கை தாழ்ந்தால் விலாவில் கத்தி குத்தும்படி மேற்கையில் கத்திகளைக் கட்டியிருப்பார்கள். இன்னோர் அறையில் நுனியில் கனம் கட்டிய நீண்ட கழியின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு மணியை அடிக்க வேண்டும். மற்றோர் அறையில் தலையை அசைக்காமல் மெழுகுவர்த்திச் சுடரைக் கண்ணால் மட்டும் பின்தொடர வேண்டும். தலை திரும்பினால் இருபுறமும் எரியும் ஊதுவத்தி கன்னத்தைச் சுடும்.

இந்த இடங்களில் கதை நகரவில்லையே என்று முன்னே ஓட்டிவிடாதீர்கள். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பின்னால் வரும் சண்டைகளில் சான் தே செய்கிற ஒவ்வோர் அசைவும் ஏதாவது ஓர் அறையில் கற்றது. இரட்டைக் குறுவாள் ஏந்திய மூத்த துறவியிடம் அவன் மீண்டும் மீண்டும் தோற்பதும், கடைசியில் மூன்று துண்டுத் தடியை உருவாக்கி வந்து வெல்வதும் அப்போதுதான் சுவைக்கும். 36ஆவது அறை எது என்பதைப் படம் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். லாவின் வாழ்க்கையே அந்தப் பதிலில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அமெரிக்காவின் வூ டாங் கிளான் ராப் குழு 1993இல் தன் முதல் இசைத்தொகுப்பின் தலைப்பிலேயே 36 அறைகளைச் சேர்த்துக்கொண்டது. 'கில் பில்' இரண்டாம் பாகத்தில் நீண்ட வெண்தாடியோடு வரும் முரட்டு குரு யாரென்று கேட்டால், இந்தப் படத்தின் சான் தேயான கோர்டன் லியூதான்.

ஐந்தாவது படி: சண்டையைப் பார்க்கும் முறை

முதல் படம் பிடித்துவிட்டால் அடுத்தது 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்', அதே 1978. சீனக் கணவன், ஜப்பானிய மனைவி. இருவருக்கும் தற்காப்புக் கலை தெரியும். யாருடைய கலை உயர்ந்தது என்று வீட்டில் ஆரம்பிக்கிற சண்டை, மனைவி கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போவதிலும், ஜப்பானிலிருந்து வல்லுநர்கள் கிளம்பி வருவதிலும் போய் முடிகிறது. ஒவ்வொருவரோடும் தனித்தனி மோதல். ஜப்பானிய வாளுக்குச் சீன நேர்வாள், ஈட்டிக்கு ஈட்டி, கராத்தேக்குக் குடிகாரக் குங்ஃபூ, நுஞ்சாக்குவுக்கு மூன்று துண்டுத் தடி. கடைசியில் நிஞ்ஜாவாக வருபவர் யாசுவாகி குராதா. நிஜத்திலும் ஜப்பானியத் தற்காப்புக் கலைஞர். இத்தனை மோதலிலும் எவரும் சாவதில்லை. ஜப்பானியர்களைக் கொடியவர்களாகவே காட்டிவந்த ஹாங்காங் திரையில் அவர்களை மரியாதைக்குரிய எதிராளிகளாகக் காட்டியது துணிச்சலான காரியம்.

கவனித்துப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல படம் இல்லை. ஒரு சண்டையைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை இயல்பாகப் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுக் கால்களை மட்டும் பாருங்கள். ஹுங் கார் மரபில் எல்லாம் குதிரை நிலையில் தொடங்குகிறது: கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி நிற்பது. சினிமாவுக்காகச் சில வாரம் பழகியவரால் அந்த நிலையை அசையாமல் வைத்திருக்க முடியாது, தொடை காட்டிக்கொடுத்துவிடும். கோர்டன் லியூ அந்த நிலையிலிருந்து எழுவதையும் மறுபடி அமர்வதையும் பார்த்தால் வருடக்கணக்கில் வாங்கிய பயிற்சி தெரியும்.

மூன்றாம் முறை, காட்சி எப்போது வெட்டப்படுகிறது என்று பாருங்கள். இன்றைய படங்களில் ஒரு குத்துக்கு மூன்று வெட்டு. லாவ் ஓர் அடி, அதற்குத் தடுப்பு, எதிரடி, அதற்குத் தடுப்பு என்று நீண்ட சங்கிலியை ஒரே ஷாட்டில் ஓட விடுவார். கேமரா தள்ளி நிற்கும். தலை முதல் பாதம் வரை தெரியும். எந்த அடிக்கு எந்தத் தடுப்பு என்பதைப் பார்ப்பவர் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம். கேமராவைச் சற்று மெதுவாக ஓட்டிப் படமெடுத்து, திரையில் வேகம் கூட்டுகிற உத்தியை அவரும் பயன்படுத்தியிருக்கிறார். இல்லாத திறமையை அந்த உத்தியால் வரவழைக்க முடியாது.

இதில் கண் பழகிய பிறகு 'டர்ட்டி ஹோ' பாருங்கள், 1979. இளவரசன் ஒருவன் நகை வியாபாரியாக மாறுவேடத்தில் திரிகிறான். தனக்குச் சண்டை தெரியும் என்பது வெளியே தெரியக்கூடாது. அவனைக் கொல்ல வந்தவனும் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை. மது ருசி பார்க்க அழைப்பு. இருவரும் சிரித்த முகத்தோடு கோப்பையை நீட்டுகிறார்கள், வாங்குகிறார்கள், 'அடடா, என்ன மணம்' என்கிற பாவனையில் தலையாட்டுகிறார்கள். மேசைக்குக் கீழே கால்கள் ஒன்றையொன்று உதைத்து மடக்கிக்கொண்டிருக்கின்றன. மேலே உபசாரம், கீழே கொலை முயற்சி. கோப்பையைக் கொடுக்கிற கையே குத்தாகிறது; வாங்குகிற விரல்களே தடுப்பாகின்றன. இப்படியொரு சண்டையை யோசித்த மூளைக்கு எத்தனை விருது கொடுத்தாலும் தகும்.

ஆறாவது படி: லாவைத் திரையில் பாருங்கள்

அவரை நடிகராகப் பலர் மறந்துவிடுகிறார்கள். 1976இன் 'சேலஞ்ச் ஆஃப் தி மாஸ்டர்ஸ்' படத்தில் இளம் வோங் ஃபே ஹுங்காகக் கோர்டன், வில்லன் லாவ். தன் குரு பரம்பரையின் மூலவர் கதையை எடுக்கும்போது அவருக்கு எதிரியாகத் தானே நிற்பது ஒரு வகை அடக்கம் என்று எனக்குத் தோன்றும். 'ஹீரோஸ் ஆஃப் தி ஈஸ்ட்' படத்திலும் அவர் உண்டு: குடிகாரக் குங்ஃபூ கற்க விரும்பும் நாயகன் ஒளிந்திருந்து பார்த்துப் பழகுவது இவருடைய ஆட்டத்தைத்தான்.

முழு நாயகனாக 'மேட் மங்கி குங்ஃபூ', 1979. கூத்துக் கலைஞன் ஒருவன் சூழ்ச்சியில் சிக்கி, கைகள் முடமாக்கப்பட்டு, குரங்கை வைத்துத் தெருவில் வித்தை காட்டிப் பிழைக்கிறான். ஒரு திருட்டுப் பயலுக்கு ஆசானாகிறான். சீடனாக வரும் சியாவ் ஹோ ரப்பரில் செய்தவர் போல வளைவார். லாவுக்கு அப்போது நாற்பதைக் கடந்த வயது, வழுக்கை ஏறிய நெற்றி, நாயக முகம் கிடையாது. எதுவுமே உறுத்தாது.

1981இன் 'மை யங் ஆன்ட்டி' நம்மவர்களுக்கு உடனே பிடிக்கும். சாகக் கிடக்கும் முதியவர், சொத்து பேராசைக்காரத் தம்பி கைக்குப் போகக் கூடாது என்று பணிப்பெண்ணை மணந்துகொண்டு கண்ணை மூடுகிறார். அவள் பத்திரத்தோடு அவருடைய இன்னொரு சகோதரரின் மகன் வீடு தேடி வருகிறாள். அந்த மகன் வேடத்தில் லாவ், அவளைவிடப் பல வயது மூத்தவர். ஆனாலும் முறைக்கு அவள் சித்தி. காலில் விழ வேண்டியவர் இவர்தான். வயதில் சின்னவள், முறையில் பெரியவள் என்கிற சங்கடத்தை நம் கல்யாண வீடுகளில் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சித்தியாக நடித்த காரா ஹுய் நடனத்திலிருந்து வந்தவர். இந்தப் படத்துக்காக 1982இல் நடந்த முதலாவது ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் சிறந்த நடிகைக்கான விருதைப் பெற்றார். சண்டைப் படத்துக்கு நடிப்பு விருது!

பெண்களைச் சண்டையில் சரிசமமாக நிறுத்துவது லாவுக்குப் புதிதல்ல. 1977இன் 'எக்ஸிக்யூஷனர்ஸ் ஃப்ரம் ஷாவோலின்' படத்தில் கணவனுக்குப் புலிப் பாணி, மனைவிக்குக் கொக்குப் பாணி. கணவன் தன் பாணியே போதும் என்று பிடிவாதமாகப் போய் மடிகிறான். அம்மாவின் கொக்கையும் அப்பாவின் புலியையும் சேர்த்துக்கொண்ட மகன்தான் எதிரியை வீழ்த்துகிறான்.

அடுத்து 'லெஜண்டரி வெப்பன்ஸ் ஆஃப் சைனா', 1982. மந்திரம் ஓதிப் பயிற்சி எடுத்தால் துப்பாக்கிக் குண்டு துளைக்காது என்று நம்பவைக்கும் கூட்டம். அது பொய் என்று தெரிந்த ஆசான் தன் கிளையைக் கலைத்துவிட்டுத் தலைமறைவாகிறார். ஆசான் லாவ். இறுதியில் அவரைக் கொல்ல வருபவன் கதையிலும் உடன்பிறந்தவன், நிஜத்திலும் தம்பி லாவ் கார் விங். ஈட்டி, கேடயம், தடி, வாள் என்று ஆயுதம் மாற்றி ஆயுதம் எடுத்துச் சகோதரர்கள் மோதுகிறார்கள். வாழ்நாள் முழுக்கக் குங்ஃபூவால் பிழைத்தவர், குங்ஃபூவால் எது முடியாது என்பதைச் சொல்ல ஒரு படம் எடுத்திருக்கிறார். எனக்கு அவருடைய படங்களில் மிகவும் மதிப்பானது இதுதான்.

ஏழாவது படி: மனத்தைத் தயார்செய்துகொண்டு ஒரு படம்

'எய்ட் டயகிராம் போல் ஃபைட்டர்', 1984. இதை முதலில் பார்க்க வேண்டாம். மற்ற படங்களில் உள்ள சிரிப்பு இதில் கிடையாது.

படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்த 1983 ஜூலையில், அதில் நடித்துவந்த நட்சத்திரம் அலெக்சாண்டர் ஃபூ ஷெங் கார் விபத்தில் இறந்தார். வயது 28. கதையை மாற்ற வேண்டியதாயிற்று. அவருடைய பாத்திரம் பித்துப் பிடித்த நிலையில் வீட்டோடு நின்று, பாதியில் காணாமல் போகிறது. பாரம் முழுவதும் கோர்டன் லியூவின் தோளில் ஏறுகிறது. துரோகத்தால் போரில் தந்தையையும் சகோதரர்களையும் இழந்தவன் மடத்துக்கு ஓடி வருகிறான். துறவிகள் சேர்க்க மறுக்கிறார்கள். ஈட்டியின் முனையை வெட்டி வீசிவிட்டுக் கம்பாக்கிக்கொண்டு நிற்கிறான். தலையைத் தானே மழித்துக்கொள்கிறான். அந்த வெறி நடிப்பா, நண்பனை இழந்த துக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மடத்துத் துறவிகள் மரத்தால் செய்த ஓநாய்ப் பொம்மைகளின் மேல் கம்பு பழகுகிறார்கள். ஓநாயைக் கொல்லக் கூடாது, பல்லை மட்டும் பிடுங்க வேண்டும் என்பது அவர்கள் நெறி. கடைசிச் சண்டையில் அந்தப் பாடம் மனிதர்கள் மேல் நடக்கிறது. பார்க்கச் சற்றுத் துணிவு வேண்டும். சிலம்பம் தெரிந்தவர்கள் இந்தப் படத்தைத் தனியாக ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பின் பிடி, முனையை எதிராளியின் முகத்துக்கு நேராக வைத்திருக்கும் விதம், குத்தும் வேகம் எல்லாம் நம்முடைய வீச்சிலிருந்து எங்கே விலகுகின்றன, எங்கே நெருங்குகின்றன என்று ஒப்பிட நிறைய இருக்கிறது.

எட்டாவது படி: முன்னும் பின்னும்

இவ்வளவும் பார்த்தபின் சாங் சே காலத்துக்குப் பின்னோக்கிப் போகலாம். 'ஒன் ஆர்ம்டு ஸ்வோர்ட்ஸ்மேன்', பிறகு 1974இன் 'ஹீரோஸ் டூ'. சாங் சேயின் நாயகர்கள் சட்டையைக் கழற்றி, வயிற்றில் வெட்டுப்பட்டு, இரத்தம் கொட்டக் கொட்ட நின்றபடியே சாவார்கள். லாவின் நாயகர்கள் கூடுமானவரை எதிரியைக் கொல்லாமல் விட்டுவிடப் பார்ப்பார்கள். இருவரும் ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு இந்த ஒப்பீடே பாதி விடை.

1980களின் நடுவில் ஷா பிரதர்ஸ் திரைப்படத் தயாரிப்பைச் சுருக்கிக்கொண்டு தொலைக்காட்சிப் பக்கம் திரும்பியது. லாவ் வெளியே வந்தார். 1986இல் ஜெட் லீயை வைத்துச் சீனப் பெருநிலத்தில் 'மார்ஷியல் ஆர்ட்ஸ் ஆஃப் ஷாவோலின்' எடுத்தார். 1988இல் சோ யுன் ஃபட் நடிக்க 'டைகர் ஆன் தி பீட்' என்ற போலீஸ் படம். அதில் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தோடு ஒரு சண்டை வருகிறது. பாரம்பரிய அடவுக்காரர் நவீன காலத்தில் என்ன செய்திருப்பார் என்று கேட்பவர்களுக்கு அது போதும்.

1994இல் 'டிரங்கன் மாஸ்டர் 2'. ஜாக்கி சான் வோங் ஃபே ஹுங், இயக்கம் லாவ். தொடக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் ரயில் பெட்டிக்கு அடியில் ஜாக்கியும், நடிகராகவும் வரும் லாவும் மோதுகிறார்கள். குனிந்தும் தவழ்ந்தும்தான் சண்டையிட முடியும். ஈட்டியைச் சுழற்ற இடமில்லை. இடம் சுருங்கினாலும் அடவு சுருங்காது என்று காட்டுகிறார் லாவ். படப்பிடிப்பின் பாதியில் இருவருக்கும் கருத்து வேறுபாடு முற்றி லாவ் விலகினார். உலைக்கூடத்தில் நடக்கும் இறுதிச் சண்டையை ஜாக்கியே எடுத்தார். ரயில் சண்டையையும் உலைக்கூடச் சண்டையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இரண்டு பள்ளிகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். 2000இல் அமெரிக்காவில் வெளியிட்ட பிரதியில் ஆங்கில டப்பிங்கும் புதிய இசையும் சேர்த்து, முடிவையும் கத்தரித்தார்கள். கான்டனீஸ் மூலப் பிரதியையே தேடுங்கள்.

2005இல் இயக்குநர் சுய் ஹார்க்கின் 'செவன் ஸ்வோர்ட்ஸ்' படத்தில் முதிய வாள்வீரராக நடித்துச் சண்டையும் அமைத்தார். 2010இல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது. 2013 ஜூனில் மறைந்தார்.

கராத்தேயோ சிலம்பமோ கற்றுச் சினிமாவுக்கு வர நினைப்பவர்களுக்கு

இந்தப் படங்களை வேறு கண்ணோடு பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். முதலில், அடிப்பவரை விட்டுவிட்டு அடி வாங்குபவரைப் பாருங்கள். எந்தப் பக்கம் சரிகிறார், எந்தக் கையை ஊன்றி விழுகிறார், எழுந்து எந்த நொடியில் மறுபடி சண்டைக்குள் நுழைகிறார். ஆரம்ப ஆண்டுகளில் லாவுக்குச் சோறு போட்டது அந்த வேலைதான். நன்றாக விழத் தெரிந்தவரைத்தான் ஸ்டண்ட் மாஸ்டர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

அடுத்து, படங்களின் பெயர் ஓடும் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள். கதையோடு தொடர்பில்லாமல் ஒரே நிறத் திரைக்கு முன்னால் ஓர் அடவு வரிசையைச் செய்து காட்டுவது லாவின் வழக்கம். '36த் சேம்பர்' தொடக்கத்தில் கோர்டன் முன்கைகளில் இரும்பு வளையங்களை மாட்டிக்கொண்டு செய்வது ஹுங் காரின் கைவலுப் பயிற்சி. பயிற்சிக் கூடத்தில் செய்கிற அடவு கேமராவுக்காக எந்தக் கோணத்துக்குத் திரும்புகிறது என்பதை அங்கே கற்றுக்கொள்ளலாம்.

பிறகு ஒரு கூட்டாளியைப் பிடியுங்கள். லாவுக்கு டாங் சியா இருந்தார். இருவரும் சேர்ந்து பத்து அசைவுள்ள ஒரு மோதலை வகுத்து, செல்பேசியைத் தள்ளி வைத்து, தலை முதல் கால் வரை தெரியும்படி வெட்டில்லாமல் பதிவு செய்யுங்கள். போட்டுப் பாருங்கள். எங்கே ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்கிறீர்களோ, அந்த இடம் பளிச்சென்று தெரியும். அதைச் சரிசெய்த பிறகு பதினொன்றாவது அசைவைச் சேருங்கள்.